கார்பன் ஃபைபரோட ஊமைக்காயம்: அல்ட்ராசவுண்ட் டெஸ்ட் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

திருச்சி பக்கம் பாய்லர் வெல்டுக்கு அல்ட்ராசவுண்ட் போட்டுக்கிட்டு இருந்த ஆளு நான், அப்புறம் காம்போசிட் பக்கம் வந்து சேந்தேன். வந்த புதுசுல நான் யார் யார்கிட்டயோ கேட்டு நச்சரிச்ச கேள்விங்கள இப்போ புதுசா வர்ற பசங்க என்கிட்ட கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன்.

காம்போசிட்னா என்னங்க, சுருக்கமா?

நாரும் பசையும். கார்பன் ஃபைபர் இல்லன்னா கண்ணாடி ஃபைபர் நாரு, அதை இறுக்கிப் பிடிச்சிருக்க எபாக்சி மாதிரி ஒரு ரெசின். விமானத்துக்குப் போறது பெரும்பாலும் தாள் தாளா வரும், ஒரு தாளுக்கு பேரு ப்ளை, கனம் சுமாரா 0.125ல இருந்து 0.2 மில்லிமீட்டர். பிளைவுட்ல ஒவ்வொரு தாளையும் ரேகை மாத்தி மாத்தி ஒட்டுவாங்கல்ல, அதே கணக்குதான், 0 டிகிரி, 45, 90னு நாரு போற திசைய மாத்தி அடுக்கி சூடும் அழுத்தமும் குடுத்து வேக வைப்பாங்க. போயிங் 787ல எடையில பாதி இதான், ஏர்பஸ் ஏ350ல 53 சதவீதம், நம்ம தேஜஸ்ல சுமார் 45 சதவீதம்.

வெளிய ஒரு கீறல் கூட இல்லையே, உள்ள எப்படி அடிபட்டிருக்கும்?

ஊருல ஊமைக்காயம்னு சொல்லுவாங்க தெரியும்ல, மேல தோல் நல்லா இருக்கும், உள்ள ரத்தம் கட்டி நிக்கும். அதேதான். அலுமினியத் தகடு மேல ஒரு ஸ்பேனர் விழுந்தா நசுங்கி குழி விழுந்துடும், அந்தக் குழியே சாட்சி. கார்பன் ஃபைபர் அப்படி இல்ல, வளைஞ்சு குடுத்துட்டு பழைய ஷேப்புக்கே வந்து நின்னுக்கும், நீங்க டார்ச் அடிச்சு சாய்ச்சு சாய்ச்சு பாத்தாலும் ஒண்ணும் தெரியாது. ஆனா வளைஞ்ச அந்த நொடியில உள்ள ப்ளைக்கும் ப்ளைக்கும் நடுவுல இருக்குற பசை விட்டுப் போயிருக்கும். அதுக்குப் பேரு டீலாமினேஷன். இதுல ஒரு விசேஷம் என்னன்னா அடிபட்ட மேல்பக்கம் சின்னதாவும் கீழ போகப் போக பெருசாவும் விரியும், வெட்டிப் பாத்தா கோபுரம் மாதிரி இருக்கும். அதனால மேல பொட்டு மாதிரி ஒரு அடையாளம் இருந்தாலும் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு விட்டுப் போயிருக்கலாம், அந்தப் பின்பக்கம் ரெக்கைக்கு உள்ள இருக்கும், யாரும் பாக்க முடியாது.

பசை விட்டா என்ன, நாரு அறுபடலையேன்னு அடுத்து கேப்பீங்க. விளக்குமாத்து கட்ட யோசிச்சுப் பாருங்க. கயிறு இறுக்கமா இருக்குற வரைக்கும் அதை நிறுத்தி வச்சு மேல இருந்து அழுத்தினா தாங்கும், கயிறு தளர்ந்துச்சுன்னா ஈர்க்கு ஒவ்வொண்ணும் தனித்தனியா வளைஞ்சு படுத்துக்கும், ஒரு ஈர்க்கு கூட ஒடியலை ஆனா கட்டு போச்சு. ரெசின்தான் அந்தக் கயிறு. அதனாலதான் அடிபட்ட காம்போசிட்ட இழுத்துப் பாத்து மட்டும் விட மாட்டாங்க, அடிச்சிட்டு அமுக்கிப் பாக்குறதுக்குன்னே தனியா ஒரு டெஸ்ட் வச்சிருக்காங்க.

அல்ட்ராசவுண்ட் இதை எப்படி கண்டுபிடிக்குது?

வயித்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனா வெறும் வயித்துல வரச் சொல்லுவாங்க, சில சமயம் ரிப்போர்ட்லயே வாயு இருந்ததால சரியா தெரியலன்னு எழுதிருப்பாங்க, பாத்திருக்கீங்களா? காத்து இருக்குற இடத்துல சத்தம் அப்படியே திரும்பிடும், அதுக்குப் பின்னாடி இருக்குறது மறைஞ்சு போயிடும். டாக்டருக்கு அந்த வாயு தொந்தரவு. நமக்கு அந்த வாயுதான் துப்பு! ப்ளை விட்டுப் போன இடத்துல காத்து நிக்குது, முடி கனம் கூட இல்லாத இடைவெளின்னாலும் போதும், கிட்டத்தட்ட முழுசா எக்கோ திரும்பி வந்துடும். சத்தம் ஒரு பொருளுக்குள்ள போகும்போது அந்தப் பொருள் காட்டுற தடைன்னு ஒரு எண் இருக்கு, கார்பன் காம்போசிட்டோட எண் காத்தோட எண்ணை விட பத்தாயிரம் மடங்குக்கு மேல, அவ்வளவு வித்தியாசம் இருக்குற எல்லையில சத்தத்துக்கு தாண்டிப் போக வழியே இல்ல. ஜெல் தடவுறதும் இதுக்குத்தான், ப்ரோபுக்கும் (சத்தத்த அனுப்பி எக்கோவ வாங்குற கைக்கருவி அது) பாகத்துக்கும் நடுவுல இருக்குற காத்த வெளிய தள்ளணும். ஜெல்னு இல்ல, தண்ணி கூட போதும். ஆனா சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தயவு செஞ்சு தடவாதீங்க, நாளைக்கு அந்த இடத்துல ரிப்பேர் பேட்ச் ஒட்டணும்னா ஒட்டவே ஒட்டாது, பெயின்டும் நிக்காது.

ஸ்கிரீன்ல பாக்குறது எப்படி இருக்கும்? ஒரு எக்சாம்பிள் சொல்லுங்க.

0.2 மில்லிமீட்டர் ப்ளை 20 அடுக்குன ஒரு பலகை, மொத்தம் 4 மில்லிமீட்டர்னு வச்சுக்குவோம். 5 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப். கார்பன் காம்போசிட்ல கனத்து வாக்குல சத்தம் வினாடிக்கு சுமார் 3000 மீட்டர் போகும். போய்ட்டு வர 8 மில்லிமீட்டர், அதனால அடிப்பக்கத்து எக்கோ 2.67 மைக்ரோசெகண்ட்ல வந்து நிக்கும், இதைத்தான் பேக்வால்னு சொல்றோம். நல்ல இடத்துல ப்ரோப ஓட்டும்போது அந்தக் கோடு அசையாம நிக்கும்.

இப்போ ப்ரோப மெதுவா நகத்துறீங்க. பேக்வால் குள்ளமாகுது, 1.07 மைக்ரோசெகண்ட்ல புதுசா ஒரு கோடு முளைக்குது, இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளினா பேக்வால் சுத்தமா காணாமப் போகுது, புதுக் கோடு நெடுநெடுன்னு நிக்குது. கணக்குப் போட்டா ஆழம் 1.6 மில்லிமீட்டர், அதாவது 8வது ப்ளைக்கும் 9வது ப்ளைக்கும் நடுவுல. எந்த ப்ளை எந்த திசையில அடுக்கினாங்கன்னு எழுதின லேஅப் ஷீட்ட எடுத்துப் பாருங்க, அங்க நாரு திசை மாறுற இடமா இருந்தா கிட்டத்தட்ட உறுதி, ஏன்னா அடிபட்டு விடுறது பெரும்பாலும் திசை மாறுற இடத்துலதான், ஒரே திசையில அடுக்குன ரெண்டு ப்ளை அவ்வளவு சீக்கிரம் விடாது.

அடுத்து 3.2 மில்லிமீட்டர்ல இன்னொரு கோடு தெரியும். புதுப் பையன் ரெண்டு டீலாமினேஷன்னு எழுதிடுவான். அவசரப்படக் கூடாது, 1.6ஓட ரெட்டிப்பு 3.2, அதே எக்கோ மேலயும் கீழயும் முட்டி முட்டி திரும்ப வர்றது அது. ஸ்கிரீன் ரேஞ்ச கொஞ்சம் கூட்டிப் பாருங்க, 4.8லயும் ஒண்ணு இருக்கும், பலகையே 4 மில்லிமீட்டர்தான், அப்போ 4.8ல எங்க இருந்து டீலாமினேஷன் வரும்?

எல்லைய எப்படி குறிக்கிறதுன்னா அந்தப் புதுக் கோடு பாதி உயரத்துக்கு இறங்குற வரைக்கும் ப்ரோப நகத்தி அங்க ஒரு புள்ளி வைக்கணும், 6 டெசிபல் இறக்கம்னு சொல்லுவாங்க, நாலா பக்கமும் புள்ளி வச்சு சேத்தா வடிவம் கிடைச்சிடும். மெஷினே பாகம் முழுக்க ஓடி கலர் கலரா மேப் போட்டுக் குடுத்தா அது சி-ஸ்கேன், ஒரு இடத்து எக்கோ கோட்ட மட்டும் பாக்குறது ஏ-ஸ்கேன். ஒரே ப்ரோபுக்குள்ள 64 குட்டி ப்ரோப் வரிசையா இருக்குற ஃபேஸ்டு அர்ரே எல்லாம் வந்த பிறகு சி-ஸ்கேன் எடுக்குறது பெயின்ட் ரோலர் உருட்டுற மாதிரி ஆயிடுச்சு. கலர்ல சந்தேகமா இருந்தா அந்த இடத்தோட ஏ-ஸ்கேன தொறந்து பாக்காம ரிப்போர்ட் எழுதாதீங்க.

நான் ஸ்டீல் வெல்டு டெஸ்ட்ல லெவல் 2 சான்றிதழ் வாங்கினவன், அந்த அனுபவம் போதாதா?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, ஏன்னா நானும் அந்தத் திமிரோட வந்தவன்தான். முதல் வாரமே 4 மில்லிமீட்டர் பலகைய அளந்துட்டு கிட்டத்தட்ட 8னு சொன்னேன். சூப்பர்வைசர் ஒண்ணும் பேசல, வெர்னியர எடுத்து கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. மெஷின்ல வெலாசிட்டி ஸ்டீலோட 5900லயே கிடந்துச்சு. காது வரைக்கும் சூடாயிடுச்சு எனக்கு.

இந்த மெத்தடே உலோகத்துக்காக வந்ததுதான், 1940ல மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஃபயர்ஸ்டோன் பேடன்டுக்கு போட்ட ரிஃப்ளெக்டோஸ்கோப்தான் இன்னைக்கு நம்ம கையில இருக்குற மெஷினுக்கெல்லாம் தாத்தா. ஸ்டீலுக்குள்ள சத்தம் எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய ஒரே வேகம். காம்போசிட்ல நாரு போற வாக்குல ஒரு வேகம், குறுக்க ஒரு வேகம், ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால வெல்டுக்கு போடுற 45, 60, 70 டிகிரி ப்ரோப இங்க வச்சா கதிர் நீங்க நெனச்ச திசையில போகாது, எங்கயோ திரும்பிக்கும். நேரா செங்குத்தா அனுப்புறதுதான் இங்க முக்கால்வாசி வேலை. நல்ல வேளையா டீலாமினேஷனும் மேல்பரப்புக்கு இணையா படுத்துக் கிடக்கும், நேரா போற கதிருக்கு வாட்டமா மாட்டும்.

ஸ்டீல்ல திரை சுத்தமா இருக்கும், எக்கோ வந்தா டிஃபெக்ட். இங்க ஒவ்வொரு ப்ளை எல்லையும் ஒரு சின்ன எக்கோ குடுக்கும், புல்லு முளைச்ச மாதிரி திரை அடியில ஆடிக்கிட்டே இருக்கும், அதைப் பாத்து பயப்படவும் கூடாது, பழகிப் போச்சுன்னு விடவும் கூடாது. மேல இடி தாங்குறதுக்கு செம்பு வலை பதிச்ச பாகம்னா அதுவும் தன் பங்குக்கு ஒரு கோடு போடும். பாகம் ஓரத்துக்குப் போகப் போக ப்ளை ஒவ்வொண்ணா குறைஞ்சு கனம் இறங்கும், பேக்வால் இடம் மாறுதேன்னு டிஃபெக்ட் போட்டவங்கள நான் பாத்திருக்கேன். ட்ராயிங் கையில இல்லாம ஸ்கேன் பண்றது கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டுறதுதான்.

முதல் ஒரு மில்லிமீட்டர் கிட்ட என்ன இருக்குன்னு சாதாரண ப்ரோபுக்கு தெரியாது, தான் அனுப்பின சத்தமே இன்னும் அடங்கியிருக்காது. அதுக்குத்தான் டிலே லைன், அதாவது சத்தத்த கொஞ்சம் தாமதமாக்குற ஒரு கட்டை, முன்னாடி வச்ச ப்ரோப். அப்புறம் நிழல். மேல ஒரு டீலாமினேஷன் இருந்தா அதுக்கு நேர் கீழ இருக்குறது எதுவுமே தெரியாது, கோபுரம் மாதிரி விரியும்னு சொன்னேன்ல, அந்த விரிஞ்ச ஓரம் மட்டும்தான் எட்டிப் பாக்கும். ரெண்டு பக்கமும் கை போகும்னா ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணுங்க.

எந்த ஃப்ரீக்வென்சி எடுக்கணும்?

மெல்லிசு கார்பன் பலகைக்கு 5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 0.6 மில்லிமீட்டர் வரும், சின்ன சின்ன விஷயமும் தெரியும். கனம் கூடக் கூட இறக்கணும். காத்தாலை ரெக்கை மாதிரி கனமான கண்ணாடி ஃபைபர்னா 1 மெகாஹெர்ட்ஸ், சில இடத்துல அதுல பாதி, இல்லன்னா சத்தம் உள்ளயே செத்துப் போயிடும். அலைநீளம் பெருசானா கண்ணு மங்கும், அது குடுத்தே ஆகணும்.

ரொம்ப ஆரம்பத்துலயே, டீலாமினேஷன் ஆகுறதுக்கு முன்னாடியே பிடிக்க முடியுமா?

எல்லாத்தையும் முடியாது. விக்குறவங்க முடியும்னு சொல்லுவாங்க, நான் சொல்ல மாட்டேன்.

டேமேஜ் வர்ற வரிசை பெரும்பாலும் இப்படித்தான்: முதல்ல ரெசின்ல மெல்லிசா வெடிப்பு, அப்புறம் அந்த வெடிப்பு ப்ளை எல்லைக்கு வந்து பக்கவாட்டுல திரும்பி டீலாமினேஷன், கடைசியா நாரு அறுபடுறது. முதல் வெடிப்பு செங்குத்தா நிக்கும், நம்ம கதிரும் செங்குத்தா போகுது, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசாம போயிடும். கத்தியோட முனைய நேரா பாத்தா கத்தியே தெரியாதுல்ல. அதுக்கு ப்ரோப சாய்ச்சு வச்சு சிதறி வர்ற சத்தத்த பாக்குற முறை இருக்கு, லேப்ல நல்லா வேலை செய்யும், தண்ணித் தொட்டி, நிதானம் எல்லாம் வேணும்.

வேக வைக்கும்போதே உள்ள தங்கிப் போன காத்துக் குமிழி, போராசிட்டி, இது வேற விதம். தனியா எக்கோ காட்டாது, பேக்வாலோட உயரத்த கொஞ்சம் கொஞ்சமா தின்னும். விமான பாகங்கள்ல 2 சதவீதத்துக்கு மேல போனா பொதுவா ஏத்துக்க மாட்டாங்க. இதை தொழிற்சாலைலயே பிடிச்சிடணும்.

ரொம்ப மோசமானது கிஸ்ஸிங் பாண்ட். ரெண்டு பரப்பும் ஒட்டிக்கிட்டு இருக்குற மாதிரி தொட்டுக்கிட்டு இருக்கும், நடுவுல காத்து இல்ல, பலமும் இல்ல. காத்து இல்லன்னா நம்ம துப்பே போச்சு, சத்தம் தாண்டிப் போயிடும். எண்ணெயோ தண்ணியோ பூந்து நிறைஞ்ச விரிசலும் கொஞ்சம் இப்படித்தான் ஏமாத்தும். இதுக்குத்தான் நான்லீனியர் அல்ட்ராசவுண்ட்னு ஒண்ணு ஆராய்ச்சியில ஓடுது. பலமா ஒரு சத்தத்த அனுப்பினா மூடிக் கிடக்குற விரிசல் கை தட்டுற மாதிரி தெறந்து தெறந்து மூடும், அப்போ 5 மெகாஹெர்ட்ஸ் உள்ள போனா கூடவே 10 மெகாஹெர்ட்ஸும் வெளிய வரும், அந்த 10 எவ்வளவுன்னு அளக்குறாங்க. ஐடியா பிரமாதம், ஆனா மெஷினும் ஜெல்லுமே கூட கொஞ்சம் 10 போடும், எது யாருதுன்னு பிரிக்கிறதுக்குள்ள உயிர் போகும். இன்னைக்கு தேதிக்கு பசை எவ்வளவு பலமா ஒட்டியிருக்குன்னு எண்ணுல சொல்ற அல்ட்ராசவுண்ட் மெஷின் ஷாப்புல கிடையாது, ஒட்டியிருக்கா விட்டிருக்கான்னு மட்டும்தான் கேக்க முடியும்.

காசால தட்டிப் பாத்தா போதாதா?

தட்டிப் பாக்குறத கேவலமா நெனைக்காதீங்க. மண்பானை வாங்கும்போது சுண்டிப் பாத்துத்தான வாங்குறோம், கீறல் இருந்தா சத்தம் உடைஞ்சு கேக்கும். தேன்கூடு மாதிரி ஹனிகோம்ப் நடுவுல வச்சு மேல மெல்லிசு தோல் ஒட்டின பாகத்துக்கு இப்படி தட்டிப் பாக்குற டேப் டெஸ்ட் இன்னைக்கும் அதிகாரபூர்வமான முறைதான். ஆனா கனமான பலகையில ஆழத்துல இருக்குறத காது பிடிக்காது, ஹேங்கர்ல ஜெனரேட்டர் ஓடுற சத்தத்துல சுத்தமா பிடிக்காது.

எவ்வளவு தூரம் போகலாம்னா, 2005 மார்ச் 6, கியூபாவோட வராடெரோல இருந்து கனடா கியூபெக்குக்குக் கிளம்பின ஏர் டிரான்சாட் ஏ310 விமானத்தோட ரட்டர், அதாவது வாலுல ஆடுற அந்த பெரிய காம்போசிட் தட்டு, பறந்துக்கிட்டு இருக்கும்போதே பிஞ்சு போச்சு. பைலட்டுங்க திருப்பிக் கொண்டாந்து வராடெரோலயே இறக்கிட்டாங்க, உயிர்ச்சேதம் இல்ல. அந்த வகை ரட்டருக்கு அப்போ இருந்த இன்ஸ்பெக்ஷன் முறை டேமேஜ சமயத்துக்கு கண்டுபிடிக்க போதாதுன்னு கனடா விசாரணைக் குழு சொல்லுச்சு. அதே வருஷம் கடைசியில இன்னொரு ஏ300 ரட்டர்ல ஹைட்ராலிக் ஆயில் உள்ள பூந்து தோலும் ஹனிகோம்பும் விட்டுப் போயிருந்தது தெரிய வந்துச்சு. மேல ஏறி இறங்குறப்ப காத்தழுத்தம் மாறி மாறி அந்த விட்ட இடம் வளர்ந்துக்கிட்டே போகும், அதான் பயம்.

ஏர்போர்ட்ல லக்கேஜ் வண்டி முட்டிட்டா, ஸ்கேன் ஆளு வர்ற வரைக்கும் விமானம் நிக்கணுமா?

அதுக்குன்னு 787 வந்தப்போ ராம்ப் டேமேஜ் செக்கர்னு ஒரு சின்ன மெஷின் கொண்டு வந்தாங்க. நல்ல இடத்துல வச்சு ஒரு தடவை செட் பண்ணிட்டு அடிபட்ட இடத்துல வைக்கணும், நல்லாருக்கு இல்லன்னு ரெண்டே பதில். அல்ட்ராசவுண்ட் படிக்காத மெக்கானிக்கும் வைக்கலாம். இல்லன்னு சொன்னா விமானம் நிக்கும், படிச்ச ஆளு வந்து முழுசா ஸ்கேன் பண்ணுவாரு. இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு இருக்கு: முட்டினவன் முட்டினேன்னு வாயத் தொறந்து சொல்லணும். பெயின்ட் கூட போகலையேன்னு அவன் கிளம்பிட்டா எந்த மெஷினும் அந்த இடத்துக்கு வராது.

காத்தாலை ரெக்கைக்கும் இதே டெஸ்டா?

ஆமா. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ல போனா ரெண்டு பக்கமும் சுத்திக்கிட்டு நிக்குதே, அந்த ரெக்கை எல்லாம் பெரும்பாலும் கண்ணாடி ஃபைபர். ரெக்கைக்கு உள்ள முதுகெலும்பு மாதிரி ஒரு தடுப்புச் சுவரு இருக்கும், அதையும் மேல் ஓட்டையும் ஒட்டுற பசைதான் உயிர்நாடி. அந்தப் பசை வரிசைய வெளிய இருந்து குறைஞ்ச ஃப்ரீக்வென்சியில பாக்கணும். பசை இருந்தா அதுக்கு அந்தப் பக்கத்து எக்கோவும் வரும், பசையே விழாத இடம்னா ஓட்டோட அடியிலயே முடிஞ்சிடும். தொழிற்சாலைல இது சுலபம். நட்ட பிறகு கயித்துல தொங்கிக்கிட்டு, காத்துக்கு நடுவுல ஜெல் தடவி, அது வழிஞ்சு சட்டையெல்லாம் ஆகி... சீசன்ல யாரும் ஏற விட மாட்டாங்க, காத்து இல்லாத மாசத்துலதான் வேலை.

சென்சார உள்ளயே ஒட்டி வச்சிட்டா ஆளே வேண்டாமே?

ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

ஒண்ணு, பலகையில சின்ன சின்ன பீசோ வில்லை (மின்சாரம் குடுத்தா அதிரும், அதிர்ந்தா மின்சாரம் குடுக்கும்) ஒட்டி ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு சத்தம் அனுப்புறது. மெல்லிசு பலகையில இந்த சத்தம் பலகை நெடுக ஓடும், லேம்ப் அலைன்னு பேரு, ஹொரேஸ் லேம்ப் 1917லயே கணக்குப் போட்டு வச்சிட்டாரு. நடுவுல டீலாமினேஷன் வந்தா அலை தாமதமாகும், சிதறும். நேத்தைய அலையோட இன்னைய அலைய ஒப்பிடுவாங்க. சிக்கல் எங்கன்னா காலையில 20 டிகிரி, மத்தியானம் 45 டிகிரின்னா வெயிலே அலையோட வேகத்த மாத்திடும், டேமேஜ் எது வெயில் எதுன்னு பிரிச்சாகணும்.

இன்னொண்ணு, சத்தம் அனுப்பாம சும்மா காது குடுத்துக் கேக்குறது, அகூஸ்டிக் எமிஷன். நாரு அறுந்தா டப்புனு ஒரு சத்தம் வரும், அதைப் பதிவு பண்றது. 2023 ஜூன் 18ல டைட்டானிக் கிட்ட 5 பேரோட நசுங்கிப் போன டைட்டன் நீர்மூழ்கியோட கார்பன் ஃபைபர் உடம்புல (ஹல்லுன்னு சொல்லுவாங்க) இந்த மாதிரி சென்சார்தான் இருந்துச்சு. 2022 ஜூலைல ஒரு தடவை மேல வரும்போது பெருசா ஒரு சத்தம் கேட்டுச்சு, அதுக்கப்புறம் சென்சார் எண்ணெல்லாம் மாறித்தான் இருந்துச்சு, ஆனாலும் அடுத்த வருஷம் அதையே இறக்கினாங்க. 2018லயே அந்தக் கம்பெனியோட அதிகாரி ஒருத்தர் முதல் ஹல்ல ஸ்கேன் பண்ணியே ஆகணும்னு எழுதிக் குடுத்தாரு, வேலை போனதுதான் மிச்சம். என் அபிப்பிராயம் இது: அகூஸ்டிக் எமிஷன் உடையும்போது கத்தும், அல்ட்ராசவுண்ட் உடைஞ்சிருக்கான்னு போய்க் கேக்கும். ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ண விட முடியாது.

ஏஐ படிச்சு சொல்லிடாதா?

சி-ஸ்கேன்ல சந்தேகமான இடத்த வட்டம் போட்டுக் காட்ட நல்லா உதவுது, நாள் முழுக்க ஒரே கலர பாத்து கண்ணு பூத்துப் போன ஆளுக்கு வரம். கையெழுத்து மட்டும் இன்னும் மனுஷன்தான் போடணும்.

இதைப் படிக்கணும்னா எங்க போறது?

லெவல் 2 வரைக்கும் போக வழக்கமா லெவல் 1க்கு 40 மணி நேரம், லெவல் 2க்கு இன்னொரு 40 மணி நேர வகுப்பு, அது போக வேலை அனுபவம். விமான வேலைக்கு நாஸ் 410 இல்லன்னா இஎன் 4179ங்கற தரத்துப்படி வாங்கின தகுதி கேப்பாங்க, அதைப் பாத்து சேருங்க. ஆராய்ச்சி ஆசைன்னா ஐஐடி மெட்ராஸ்ல இதுக்குன்னே தனி சென்டர் இருக்கு. கோர்ஸ்ல சேரும்போது ஒண்ணே ஒண்ணு கேளுங்க: காம்போசிட் ரெஃபரன்ஸ் பலகை வச்சிருக்கீங்களா? ப்ளை நடுவுல டெஃப்லான் துண்டு வச்சு செஞ்ச பலகை, பொய் டீலாமினேஷன் மாதிரி. ஸ்டீல் ப்ளாக் மட்டும்தான் இருக்குன்னா காசக் குடுக்காதீங்க.

என் கார்பன் சைக்கிள் கீழ விழுந்துடுச்சு, வீட்டுலயே பாத்துக்கலாமா?

ஃப்ரேம நல்லா கழுவி வெளிச்சத்துல வச்சு கிளியர் கோட்ல முடி மாதிரி வெடிப்பு இருக்கான்னு பாருங்க, காசால வரிசையா தட்டிக்கிட்டே வாங்க, ஒரு இடத்துல மட்டும் சத்தம் மந்தமா மாறினா ஓட்டாதீங்க. மாறலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தமில்ல, குழாய் வளைவு, ஜாயின்ட் கிட்ட எல்லாம் கனம் மாறுறதால சத்தமும் தானா மாறும். ஃபோர்க் அடிபட்டிருந்தா மட்டும் தட்டிக்கிட்டு இருக்காதீங்க, மாத்திடுங்க.